ஒப்பனை நாற்காலியில் பிறந்த வீரன்

1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹாலிவுட்டின் டெசிலு ஸ்டுடியோவில் ஒப்பனை அறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் ஜான் கோலிகோஸ். கனடாக்காரர். இருபது வயதுகளிலேயே லண்டன் ஓல்ட் விக் மேடையில் லியர் மன்னனாக நடித்தவர். இப்போது அவருக்குக் கிடைத்திருந்தது ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒரே ஒரு வார வேடம். வேற்றுக்கிரகப் படைத்தளபதி, பெயர் கோர், இனம் கிளிங்கான்.

கிளிங்கான் என்றால் எப்படி இருப்பான்? ஒப்பனைக்காரர் ஃப்ரெட் ஃபிலிப்ஸுக்கு அது தெரியாது. எழுதியவர்களும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஃபிலிப்ஸ் நடிகரையே கேட்டுவிட்டார், நீங்கள் எப்படி இருக்க நினைக்கிறீர்கள் என்று. செங்கிஸ்கானைப் போல இருந்தால் என்ன என்றார் கோலிகோஸ். தலைமுடி கறுப்பானது, புருவம் மேலே ஏறியது, வாயின் இரு பக்கமும் மீசை தொங்கியது, முகத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த பூச்சு ஏறியது. கண்ணாடியில் தெரிந்த ஆள்தான் உலகத் தொலைக்காட்சி கண்ட முதல் கிளிங்கான். கோலிகோஸே பிற்காலத்துப் பேட்டிகளில் சொன்ன கதை இது.

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமிருக்காது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூத்து கட்டும் ஊர்கள் இவை. விசைத்தறிச் சத்தம் ஓய்ந்த இரவில் ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், வேஷக்காரர் கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். அரிதாரத்தைக் குழைத்துப் பூசி, புருவத்தைக் காதுவரை இழுத்து, வெள்ளைப் புள்ளி வைப்பார். துரியோதனன் என்றால் சிவப்பு. பிறகு கட்டை கட்டுவார்கள்: எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம். கயிற்றை இறுக்க இறுக்க ஆளின் நிற்கும் தோரணையே மாறிவிடும். பகலில் தறியில் உட்கார்ந்தவரோ வயலில் நின்றவரோ, திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது அத்தினாபுரத்து ராஜா. வேஷம் கட்டி முடிந்த பிறகுதான் குரல் வரும் என்பார்கள் கூத்தாடிகள். கோரும் அப்படித்தான் வந்தான். முகம் முதலில், குணம் அப்புறம். அவன் இனத்துக்கு ஒரு வரலாறும் மொழியும் மானமும் வந்து சேர இன்னும் இருபது வருஷம் ஆனது.

அந்தத் தொடர் ஸ்டார் ட்ரெக். 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி என்.பி.சி. அலைவரிசையில் தொடங்கியது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெர்ரி. கிளிங்கானைப் பெற்றவர் மட்டும் அவரல்ல. அந்தப் பெருமை ஜீன் கூன் என்ற இன்னொரு ஜீனுக்கு. அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன்ஸில் இருந்துவிட்டு எழுத்துக்கு வந்தவர், முதல் வருடத்தின் நடுவில் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். இனத்தின் பெயர் கிடைத்த விதமும் வேடிக்கை. ராடன்பெர்ரி லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் இருந்தபோது கூட வேலை பார்த்த கிளிங்கன் என்பவரின் பெயரைக் கொஞ்சம் திருத்தி வைத்துவிட்டார்கள். நிரந்தரமாக ஒரு இனத்தைப் படைக்கிறோம் என்ற எண்ணம் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பார்களா?

கூன் எழுதிய அந்த அத்தியாயம், 'எரண்ட் ஆஃப் மெர்சி', 1967 மார்ச் 23 அன்று ஒளிபரப்பானது. இரண்டு வல்லரசுகள், நடுவில் ஆர்கானியா என்ற ஏழைக் கிரகம். ஒரு பக்கம் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் கூட்டமைப்பு, மறுபக்கம் கிளிங்கான் பேரரசு. இருவருக்கும் அந்த இடம் வேண்டும். அங்கிருக்கும் குடியானவர்களோ யாரும் எங்களைக் காப்பாற்ற வேண்டாம் என்கிறார்கள். கோர் ஆளுநராக வந்து உட்காருகிறான், ஆட்களைக் கொல்ல ஆணையிடுகிறான். வியட்நாம் போர் உச்சத்திலிருந்த வருஷம் அது. பார்த்த அமெரிக்கர்களுக்கு யார் யார் என்று விளங்காமல் இருந்திருக்காது. கதையின் திருப்பம் கூனின் துணிச்சல். குடியானவர்களாகத் தெரிந்தவர்கள் உடலே இல்லாத, இரு தரப்பையும்விடப் பல மடங்கு வல்ல உயிர்கள். இரு படைகளின் ஆயுதங்களையும் கையில் தொட முடியாதபடி சுடவைத்துப் போரையே நிறுத்திவிடுகிறார்கள். சமாதானம் பேச வந்ததாகச் சொல்லிக்கொண்ட கிர்க், போரிடும் உரிமைக்காக வாதாடித் தானே வெட்கப்படுகிறான்.

கோர் வெட்கப்படவில்லை. நல்லதொரு சண்டை கைவிட்டுப் போயிற்றே என்று வருத்தப்படுகிறான். கிளிங்கான்களின் முழுக் குணமும் அந்த ஒற்றை ஏக்கத்திலிருந்துதான் முளைத்தது என்பது என் கணிப்பு. எழுத்தில் அவன் சாதாரணக் கொடுங்கோலன். கோலிகோஸ் அந்த வேடத்தில் ஒரு ரசனையை ஏற்றினார். கிர்க்கை வெறுக்காமல், தனக்குச் சமமான எதிரி கிடைத்தான் என்று மகிழ்கிற ஒருவனாக நடித்தார். இனத்தின் ஆதிமூலம் அது.

அந்த முகத்தில் ஒரு கறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்கார நடிகருக்கு மாநிறம் பூசி, மங்கோலிய மீசை வைத்து, இவன்தான் நாகரிகத்தின் எதிரி என்று காட்டியது அன்றைய அமெரிக்கா ஆசியாவைப் பார்த்த பார்வை. இதற்கு ஐந்து வாரம் முன்புதான், பிப்ரவரி 16 அன்று, அதே தொடரில் கான் நூனியன் சிங் வந்திருந்தான். வட இந்தியச் சீக்கியனாக அறிமுகமாகும் அந்தச் சர்வாதிகாரிக்கு வேஷம் கட்டியவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மோந்தால்பான். அந்தக் கதைக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் இதே கூன். பழுப்பு நிறம் என்றால் ஆபத்து என்கிற சுருக்கெழுத்து அப்போது யாருக்கும் உறுத்தவில்லை. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்த நமக்கும் பெரிதாக உறுத்தவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஒரு வார வில்லன் ஏன் திரும்பத் திரும்ப வந்தான் என்றால், காரணம் காசு. கிளிங்கான்களுக்கு முன்பே, 1966 டிசம்பரில், ரோமுலன் என்ற எதிரி இனம் அறிமுகமாகியிருந்தது. கதையாக அதுவே உயர்ந்த சரக்கு. ரோமுலன்களுக்குக் கூர்காது உண்டு. ஒவ்வொரு காதும் அச்சில் வார்த்து, ஒட்டி, நிறம் சேர்க்க வேண்டும். நேரமும் பணமும் தின்னும் வேலை. துணை நடிகர்களுக்குக் காது ஒட்ட முடியாமல் தலைக்கவசத்தைக் கவிழ்த்துச் சமாளித்தார்கள். கிளிங்கானுக்கு அந்த வம்பே இல்லை. பூச்சும் மீசையும் போதும், பத்துப் பேரை வரிசையில் உட்காரவைத்து முடித்துவிடலாம். முதல் கதையில் அவர்களுக்கென்று ஒரு கப்பல் மாதிரிகூடச் செய்யவில்லை. மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த அந்த நீள்கழுத்துக் கப்பல் 1968-இல்தான் திரைக்கு வந்தது. மலிவாக முடிகிற எதிரியைத்தான் தயாரிப்பாளர்கள் அடிக்கடி கூப்பிடுவார்கள்.

கோரையே மறுபடி கூப்பிடத்தான் நினைத்தார்கள். 1967 டிசம்பர் கதைக்குக் கோலிகோஸ் கிடைக்கவில்லை. வில்லியம் கேம்ப்பெல் நடிக்கக் கோலோத் என்று வேறொரு தளபதி பிறந்தான். 1968 நவம்பர் கதைக்கும் அவர் வேறு படப்பிடிப்பில் சிக்கியிருந்தார். சிரியாவில் பிறந்த மைக்கேல் அன்சாரா நடிக்க, காங் பிறந்தான். நடிகரின் தேதி கிடைக்காததால் ஒரு தளபதி மூவரானார்கள். மூவரும் வந்ததால் அது ஒரு ஆளின் கதையாக நிற்காமல் ஓர் இனத்தின் கதையானது. 1973-இல் வந்த அனிமேஷன் தொடரில் கோர் ஒருமுறை தலைகாட்டினான். அதற்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் டூஹன், அதாவது கிர்க் கப்பலின் எஞ்சினியர் ஸ்காட்டி! கூன் அதே 1973 ஜூலையில் இறந்துபோனார். தான் பெற்றது எவ்வளவு பெரிதாக வளரும் என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1979-இல் ஸ்டார் ட்ரெக் சினிமாவானது. நம்ம பம்பாய்ப் பெண், 1965-ஆம் வருட மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா மொட்டைத் தலையோடு நடித்த அதே படம். இப்போது பணம் இருந்தது. படத்தின் முதல் காட்சியிலேயே கிளிங்கான்கள் வருகிறார்கள், நெற்றி நடுவே முதுகெலும்பு ஏறியது போன்ற மேட்டோடு. உடையை வடிவமைத்தவர் ராபர்ட் ஃப்ளெட்சர், ஒப்பனை அதே ஃப்ரெட் ஃபிலிப்ஸ். பன்னிரண்டு வருஷம் முன்பு நடிகரிடம் யோசனை கேட்டவர், இம்முறை ரப்பரில் எலும்பே வார்த்து ஒட்டினார். அவர்கள் பேச நாலு வார்த்தை வேண்டுமென்று டூஹன் கரகரப்பாகச் சில ஒலிகளை உருவாக்கிக் கொடுத்தார். அந்த ஒலிகளை எடுத்துக்கொண்டு மொழியியலாளர் மார்க் ஓக்ரண்ட் 1984-இல் வந்த மூன்றாவது படத்துக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியையே கட்டினார். 1985-இல் அகராதி வெளியானது. இன்று அதை முறையாகப் படித்துப் பேசுகிறவர்கள் உண்டு.

முகமும் மொழியும் வந்தாயிற்று, மனசு வரவில்லை. அது 1987-இல் தொடங்கிய புதிய தொடரில் வந்தது. பழைய இனங்கள் வேண்டாம் என்றுதான் ராடன்பெர்ரி முதலில் சொன்னார். பிறகு, நேற்றைய எதிரி இன்று நம் கப்பலிலேயே வேலை பார்த்தால் காலம் மாறியது விளங்குமே என்று இணங்கினார். கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட அந்த ஆள்தான் வோர்ஃப். நடித்தவர் மைக்கேல் டார்ன். முதல் வருடம் அவர் தோளில் குறுக்கே கிடந்தது 1967-இல் பார்த்த அதே வகைப் பொன்னிறப் பட்டை. அடுத்த வருடம்தான் கனமான உலோகப் பட்டை ஆனது. கூத்து மேளத்தில் வாத்தியார் கட்டிய பழைய புஜகீர்த்தி சீடன் தோளுக்கு வருகிற மாதிரி.

வோர்ஃப் அனாதை. மனிதர்கள் வளர்த்த பிள்ளை. அதனாலேயே தன் இனத்தின் மானமரியாதையை ஏட்டில் படித்து, அசல் கிளிங்கானைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவன். அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் சிலரை எனக்கு அவன் நினைவூட்டுவான். ரொனால்ட் மூர் என்ற இளம் எழுத்தாளர் 1990-இல் தொடங்கி அவனை வைத்தே ஒரு பேரரசின் உள்ளரசியலை எழுதினார். குலப்பழி, துரோகம், சபை, தகப்பன் பெயரைக் காப்பது என்று சாமுராய்களையும் வைக்கிங்குகளையும் கலந்து கட்டினார். அதே வருடம் டேன் கரி வடிவமைத்த பிறைவடிவ இருகை வாள் வந்தது. டார்ன் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களிலும் பல படங்களிலும் அந்த வேஷத்தைக் கட்டினார். ஸ்டார் ட்ரெக் வரலாற்றில் அதிக அத்தியாயங்களில் தோன்றிய நடிகர் அவர்தான்.

பின்னர் 1994-இல், கோலிகோஸ், கேம்ப்பெல், அன்சாரா மூவரையும் ஒரே கதையில் கொண்டுவந்தார்கள். மூவருக்கும் இப்போது வயதாகிவிட்டது, மூவர் நெற்றியிலும் மேடு. அறுபதுகளில் வழவழவென்று இருந்த நெற்றி எப்படி இப்படியானது என்று யாரும் வாய் திறக்கவில்லை. 1996-இல் பழைய கிளிங்கான்களைக் காட்டவேண்டி வந்தபோது, அதைப் பற்றி வெளியாட்களிடம் நாங்கள் பேசுவதில்லை என்று வோர்ஃப் முறைப்பாக முடித்துவிட்டான். 2005-இல் ஒரு நோய்க்கிருமிமேல் பழியைப் போட்டு இரண்டு அத்தியாயத்தில் விளக்கம் எழுதினார்கள். தேவையே இல்லாத விளக்கம். காசில்லாத வேஷம் முதலில், காசு வந்த பிறகு வேறு வேஷம், அவ்வளவுதானே. துரியோதனன் கிரீடத்தில் போன வருஷத்தைவிடக் கண்ணாடி கூடுதலாக இருக்கிறதே என்று எந்த ஊரில் விளக்கம் கேட்டார்கள்?

கோரின் முடிவு 1998-இல். கிழவனாகிவிட்டான். பழைய பெருமையையே பேசுகிறான், இளசுகள் சிரிக்கிறார்கள். சண்டை நடுவே எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதே மறந்து, பழைய எதிரியோடு போரிடுவதாக நினைத்து ஆணையிட்டு எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகிறான். அந்த அவமானத்துக்குப் பிறகு ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, பின்தொடரும் எதிரிப் படையைத் தடுத்து நிறுத்தக் கிளம்புகிறான். மற்றவர்கள் தப்பிக்கிறார்கள், அவன் திரும்பவில்லை. அந்தச் சண்டையை நமக்குக் காட்டவே மாட்டார்கள். தப்பித்தவர்கள் திரையில் பார்த்து நம்ப முடியாமல் நிற்பதை மட்டும் காட்டுகிறார்கள். நம் பக்கத்துப் பாரதக்கூத்தில் படுகளத்தன்று துரியோதனனை ஊர் எப்படி வழியனுப்பும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணில் நீளமாகக் கிடக்கும் அவன் உருவத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம், தீயவன் ஒழிந்தான் என்று மட்டுமா நிற்கிறது? பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்திருக்கும்.

கோலிகோஸ் 2000 மார்ச்சில் காலமானார். கோரைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேலை குறைவுதான். முப்பத்தொரு வருஷத்தில் அவர் அந்த வேஷம் கட்டியது நான்கே முறை: 1967, 1994, 1995, 1998. வரிசையாகப் பாருங்கள். முதலாவதைப் பார்க்காமல் கடைசிக்குப் போக வேண்டாம்.