நான்கு எழுத்து, ஆறு சொல்

ஆங்கிலம் படிக்காத தமிழரும் நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘ஸ்டாப்’. பேருந்து நிற்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘ஸ்டாப்பிங்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. எஸ், டி, ஓ, பி என நான்கே எழுத்துகள். ஆனால் இச்சொல்லின் பொருள் விரிந்த வழியைத் தேடிப் போனால் கப்பல் கட்டும் துறை, தேவாலயம், தந்தி அலுவலகம் எனப் பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

இதன் பழம்பொருள் நிற்பது அன்று, அடைப்பது. இலத்தீனில் ‘ஸ்டுப்பா’ என்றால் சணல், ஆளி முதலியவற்றின் முரட்டு நார். பலகைகளின் இடுக்கில் அதைத் திணித்து நீர் புகாமல் அடைப்பார்கள். அப்படி அடைப்பதைக் குறித்த வினைச்சொல்லே ஜெர்மானிய மொழிகளின் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்கு வந்தது என்பது சொற்பிறப்பியலாளர் பெரும்பாலோரின் முடிவு. காதை அடைத்துக்கொள்வதற்கும் அது வழங்கியது. ஓட்டையை அடைத்த சொல் பிறகு வழியையும் அடைத்தது; வழியை அடைத்தால் வருபவர் நிற்கத்தானே வேண்டும்? அந்த நிற்றலே நாளடைவில் முதற்பொருள் ஆனது. பழம்பொருளும் மறைந்துவிடவில்லை. சொத்தைப் பல்லின் குழியை அடைக்கும் பொருளுக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்பிங்’ என்று பெயர் உண்டு. நம் பேருந்து ஸ்டாப்பிங்கும் அந்தப் பல் ஸ்டாப்பிங்கும் ஒரு வேரில் கிளைத்தவை.

‘அடைப்பு’ என்னும் இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போலத் தோன்றும் வழக்குகள் எல்லாம் விளங்கிவிடும். தேவாலயத்துப் பெரிய குழல் ஆர்கனில் ஒவ்வொரு குழல் வரிசைக்கும் ஒரு குமிழ் இருக்கும். அது உள்ளே இருந்தால் அந்த வரிசைக்குக் காற்றுப் போகாது. வெளியே இழுத்தால் குழல்கள் ஒலிக்கும். அந்தக் குமிழின் பெயர் ஸ்டாப். ஹார்மோனியத்தின் முகப்பில் இழுத்துவிடும் குமிழ்களும் இந்த வழி வந்தவையே. எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிடுவது என்றால் ஆங்கிலத்தில் முழு மூச்சோடு முயல்வது. ஆர்கன் ஸ்டாப்பை இழுக்கும் இந்த உருவகத்தை மாத்யூ அர்னால்டு 1865-இல் தம் திறனாய்வுக் கட்டுரை நூலின் முன்னுரையில் ஆண்டிருக்கிறார். நிறுத்தும் சொல்லே இங்கு ஒலியைத் திறந்துவிடும் சொல்லாகிறது. பொருள் மாற்றத்தின் அழகு இதுதான்.

ஒளிப்படக் கலைஞர்கள் ‘ஒரு ஸ்டாப் குறை’ என்பதும் அடைப்பைத்தான். லென்ஸின் ஓரத்து ஒளியை மறைக்க, நடுவில் துளையிட்ட தகட்டை அக்காலத்தில் செருகினார்கள். வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட தகடுகளை மாற்றி மாற்றிச் செருகும் முறையை 1858-இல் ஜான் வாட்டர்ஹவுஸ் கொண்டுவந்தார். இன்றைய கேமராவில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என எண் ஒரு படி ஏறும்போது உள்ளே வரும் ஒளி பாதியாகிறது. மொழியியலாருக்கோ, மூச்சை வாயில் முழுக்க அடைத்துத் திறக்கும் ஒலி ஸ்டாப். க், ட், த், ப் ஆகியவை அவ்வகை. தமிழ் மரபு அவற்றை வல்லினத்தில் சேர்த்திருக்கிறது. ‘ஸ்டாப்’ என்னும் சொல்லுக்குள்ளேயே அத்தகைய ஒலிகள் இரண்டு இருக்கின்றன.

தந்தியில் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக இச்சொல் ஏறியது. சின்னப் புள்ளி விடுபட்டாலோ இடம் மாறினாலோ பொருள் கெட்டுவிடும் என்பதால், முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு இதைப் பரவலாக எழுதச் செய்தது என்று 1928-இல் வந்த நெல்சன் ராஸின் தந்திக் கையேடு சொல்கிறது. இந்தியாவில் கடைசித் தந்திகளை 14.7.2013 அன்று ஏற்றுக்கொண்டார்கள். சாலைப் பலகையாக இச்சொல் டெட்ராய்ட் நகரில் 1915-இல் நின்றது; 1923-இல் எண்கோண வடிவம் முன்மொழியப்பட்டது; அமெரிக்காவில் சிவப்பு வண்ணம் 1954-இல் வந்தது. பிரான்சில் அந்தப் பலகையில் இந்த ஆங்கிலச் சொல்லே இருக்கிறது. பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலோ பிரெஞ்சுச் சொல்லை எழுதியிருக்கிறார்கள்.

இனி எழுத்துகளை இடம் மாற்றிப் பார்க்கலாம். நான்கு எழுத்துகளை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றில் ஆறு, எல்லோரும் அறிந்த ஆங்கிலச் சொற்கள்: ஸ்டாப், போஸ்ட், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ். நாலில் ஒரு பங்கு பொருளுடைய சொல்லாக அமைவது பெரிய வளம். ‘ஸ்பாட்’ தோலில் புள்ளி, துணியில் கறை, தமிழகச் சாலையில் ஸ்பாட் ஃபைன், திரைத்துறையில் ஷூட்டிங் ஸ்பாட். ‘டாப்ஸ்’ சிகரங்கள், பம்பரங்கள், துணிக்கடையில் பெண்களின் மேலாடை. பாட்ஸ் பானைகள். ஆப்ட்ஸ், நாம் அன்றாடம் சொல்லும் ‘ஆப்ஷ’னுக்கு உறவு.

இவற்றுள் ‘போஸ்ட்’ நின்று பார்க்க வேண்டிய சொல். லைட் போஸ்ட், போஸ்ட் ஆபீஸ், போஸ்டிங், போஸ்ட்மார்ட்டம் என நான்கையும் தமிழர் தயங்காமல் சொல்கிறோம். இவை ஒரே சொல் அல்ல. கம்பத்தைக் குறிப்பது ‘போஸ்டிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அஞ்சலைக் குறிப்பது, வழியில் மாற்றுக் குதிரைகள் நிறுத்திவைக்கப்பட்ட நிலையங்களுக்கான இத்தாலியச் சொல். பதவியைக் குறிப்பது வேறோர் இத்தாலியச் சொல். அதற்கும் அஞ்சலுக்கும் ‘வைக்கப்பட்டது’ என்னும் ஒரே இலத்தீன் மூலம். போஸ்ட்மார்ட்டத்தில் இருப்பது ‘பின்பு’ என்னும் இலத்தீன் இடைச்சொல். சாவுக்குப் பின் செய்வது என்று பொருள்.

எழுத்து மாற்றம் விளையாட்டோடு முடிந்துவிடவில்லை. 1610-இல் கலிலியோ சனிக்கோளைத் தொலைநோக்கியில் பார்த்து, மிக உயர்ந்த கோள் மூன்றாகத் தெரிகிறது என்ற செய்தியின் எழுத்துகளைக் கலைத்துப் பிறருக்கு அனுப்பினார். கண்டுபிடித்தவர் தாமே என்பதற்கு அது சான்று. அதேசமயம் செய்தியும் வெளியே போகாது. கெப்ளர் அந்த எழுத்துகளை அடுக்கி, செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பதாகப் படித்துவிட்டார். அவர் படித்தது தவறு. ஆனால் 1877-இல் ஆசாஃப் ஹால் செவ்வாயின் துணைக்கோள்களைக் கண்டபோது அவை இரண்டாகவே இருந்தன.

தமிழில் உயிர்மெய் எழுத்து பிரியாமல் நகர்வதால் இத்தகைய சொற்கள் அமைவது அரிது. அமைந்தால் சுவை மிகுதி: சரம்–ரசம், கரம்–ரகம், நகரம்–நரகம். இருந்தும் நம் முன்னோர் இத்துறையில் துணிந்து இறங்கினார்கள். திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பதிகத்தைத் திருஞானசம்பந்தர் பாடினார். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகளை ஒளித்துவைக்கும் கரந்துறைப் பாட்டும் சித்திரக்கவி வகைகளில் ஒன்று.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சொல்லுக்கு ஒரு பொருள் என மனப்பாடம் செய்ய வைக்காமல், வாரம் ஒரு வகுப்பில் ஒரே ஒரு சின்னச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, மாணவர் கையில் அகராதியைக் கொடுத்துத் தேடவிட வேண்டும். தமிழாசிரியர்களும் சித்திரக்கவியைப் பெயர்ப் பட்டியலாக நடத்தாமல் மாணவரை எழுதிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.