ஹுடோ: ஒரு மரமுகமும் அதன் பெயரும்

போர்னியோத் தீவின் கிழக்கே ஓடும் மஹாகம் ஆறு இந்திய வரலாற்றாசிரியர்க்குப் புதியதன்று. அதன் கீழ்ப்பகுதியில், முவாரா காமானில் கிடைத்த ஏழு யூபத் தூண்கள், கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் ஆண்ட மூலவர்மனின் வேள்விகளையும் கொடைகளையும் பல்லவ எழுத்தை ஒத்த வரிவடிவத்தில், வடமொழியில் கூறுகின்றன. அதே ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பஹாவ், காயான், மொடாங் மக்களின் மரமுகத்தைப் பற்றி நாம் அறிந்ததோ குறைவு. அம்முகத்தை யூபத் தூண்களோடு உறவுபடுத்தச் சான்று ஏதுமில்லை.

இம்மக்கள் மலைச்சரிவுக் காட்டை வெட்டி எரித்து, கூர்ங்கழியால் குழியிட்டு நெல் விதைப்பவர்கள். விதைப்பையொட்டி நிகழும் ஆட்டத்தில் அணியப்படுவதே ஹுடோ. மென்மரத்தில் செதுக்கி, வெள்ளை, கருப்பு, செந்நிறம் தீட்டப்பெறும் இம்முகத்தில் வட்டக் கண்களும், கோரைப் பற்களும், தொங்கும் பெருஞ்செவிகளும் அமைகின்றன. சிலவற்றில் தாடை தனியே அசையும். மூக்கு இருவாட்சியின் அலகாகவோ பன்றியின் மூஞ்சியாகவோ நீள்வதுண்டு. ஆடுவோரின் உடல் முழுதும் வாழையிலைக் கீற்றுகளால் மறைக்கப்பெறும்.

அருங்காட்சியகப் பட்டியல்கள் இதனை ‘டயாக் முகமூடி’ என்றே பதிவு செய்து வந்துள்ளன. இத்தொடரின் இரு சொற்களும் ஆராயத்தக்கவை. ‘டயாக்’ என்பது ஓர் இனத்தார் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. உள்நாட்டை, ஆற்றின் மேற்புறத்தைக் குறிக்கும் பழைய ஆஸ்திரோனேசியச் சொல்லாகிய ‘டாயா’வின் வழிவந்தது என்பர். (தென்மேற்கைக் குறிக்கும் மலாய்த் தொடரான ‘பாரத் டாயா’வில் அச்சொல் இன்றும் உறைந்து கிடக்கிறது.) கடற்கரையார் உள்நாட்டாரைச் சுட்டிய இச்சொல்லே, குடியேற்ற ஆட்சியரின் ஏடுகளில் பல மொழிகள் பேசும் பல குழுவினர்க்கும் பொதுப்பெயராயிற்று. பின்னர் அம்மக்களே அதனைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். எனினும், ஹுடோ எல்லா டயாக் மக்களுக்கும் உரியதன்று. ஈபான் மக்களின் முகங்கள் வேறு மரபினைச் சார்ந்தவை.

‘முகமூடி’ என்பதில் இடர்ப்பாடு இன்னும் மிகுதி. நம் சொல் மூடுதலை, மறைத்தலை அடியாகக் கொண்டது. ஹுடோவோ மரமுகத்தையும், அதனை அணிந்தவனையும், ஆட்டத்தையும், ஆட்டத்தில் வந்திறங்கும் ஆவியையும் ஒருங்கே சுட்டுவது. அவ்வாவி பயிரழிக்கும் எலி, பன்றி, குரங்கு முதலியவற்றின் உருவமென்று சிலர் விளக்குவர். அவற்றை விரட்டி நெல்லின் உயிரைக் காக்க வரும் தெய்வ உருவமென்று பிறர் விளக்குவர். இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து ‘பேய்முகம்’ என மொழிபெயர்ப்பவர் வழக்கைத் தாமே தீர்த்துவிடுகிறார், அவ்வுரிமை அவர்க்கில்லை.

காயான் மக்களிடையே தங்கிய டச்சு மருத்துவர் நியூவென்ஹூயிஸ், விதைப்பு விழாவின் முகமாட்டத்தை விரிவாகப் பதிந்தவர். அவருடைய பயண நூல் 1900இல் டச்சு மொழியிலும், விரிந்த வடிவில் 1904, 1907 ஆண்டுகளில் ஈரு பகுதிகளாக ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. வாய்மொழியாக மட்டும் வழங்கிய ஒரு சொல் இவ்வாறு பிறமொழி எழுத்துகளின் வழியே வெளியுலகை அடைந்தது.

எழுத்துப்பெயர்ப்பும் எளிதன்று. உரோமன் எழுத்தில் இச்சொல்லின் ஈற்றில் இடப்படும் மெய், ககர ஒலியன்று. குரல்வளையை அடைத்து எழும் ஒலியாகும். தமிழில் அதற்கு எழுத்தில்லை. ‘ஹுடோக்’ என எழுதின் படிப்பவர் ககரத்தை ஒலிப்பர். ஆதலின் இங்கு ‘ஹுடோ’ எனக் கொண்டேன். ஓர் ஒலியை இழப்பது, இல்லாத ஒலியைச் சேர்ப்பதினும் சிறு பிழை. ‘டயாக்’ என்பதன் ஈறும் மலாய் ஒலிப்பில் இத்தகையதே. அது வழக்கில் ஊன்றிவிட்டமையால் மாற்றவில்லை.

பொருளைப் பொறுத்தவரை, வடகேரளத்துத் ‘தெய்யம்’ ஓரளவு துணைசெய்யும். அதுவும் தெய்வத்தையும் ஆட்டத்தையும் ஒருசேரக் குறிப்பது. ஆயினும் தெய்யத்திற்குக் கோயிலும் காவும் உண்டு; ஹுடோவுக்கு விதைத்த வயலே களம். மூலச்சொல்லை அப்படியே நிறுத்தி, முதல் வருகையில் மட்டும் ‘மரமுகம்’ என்று விளக்குவதே தக்கதாகத் தோன்றுகிறது.