குதிரேமுக்: ஒரு மலை, ஒரு சுரங்கம்

நம் செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து அடுத்த டூர் குதிரேமுக் மலைக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாச்சுடா" என்று ஒருவன் ஆரம்பித்து வைக்க, திட்டம் போடும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. ரயில், ரூம் விசாரிக்கப் போனவன் அந்த மலையின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்!

கர்நாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், சுமார் 1,890 மீட்டர் உயரமுள்ள சிகரம் இது. பக்கவாட்டில் குதிரை முகம் போலத் தெரிவதால் இந்தப் பெயர். ஆண்டு மழை சுமார் 6,000 மில்லிமீட்டர்; சென்னையைப் போல் நாலு மடங்கு. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறப்பது இந்த மலைத்தொடரில்தான்.

இங்கே இரும்புத் தாது இருப்பதை 1913-லேயே சம்பத் ஐயங்கார் என்ற புவியியல் அறிஞர் கண்டறிந்துவிட்டார். ஆனால் அதில் இரும்பு நூற்றுக்கு நாற்பது கூடத் தேறாது. பெல்லாரிப் பக்கம் அறுபதுக்கு மேல் கிடைக்கும்போது இந்தக் காட்டுக்குள் யார் வருவார்கள்?

வந்தது ஈரான். ஷா மன்னரின் அரசு தன் எஃகு ஆலைகளுக்குத் தாது வேண்டி, 1975-ல் 63 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் செறிவூட்டிய தாது அனுப்ப வேண்டும். 1976-ல் மத்திய அரசு நிறுவனம் தொடங்கியது. காட்டுக்குள் ஆலை, டவுன்ஷிப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் எழும்பின. 1980-ல் ஆலை தயார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஈரானில் புரட்சி. கடனும் நின்றது, சரக்கு வாங்கவும் ஆளில்லை. பிறகு வேறு நாடுகளைத் தேடிப் பிடித்து விற்றார்கள்.

மெக்கானிக்கல்காரனான எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழாய். தாதுவைப் பொடியாக அரைத்து, இரும்பைப் பிரித்து, தண்ணீரில் குழம்பாகக் கலந்து, 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூர் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். லாரி இல்லை, ரயில் இல்லை. மலையின் உயரமே சரக்கைக் கீழே தள்ளிக்கொண்டு போனது. சும்மா சொல்லக் கூடாது, அழகான வேலை!

ஆனால் அரைத்ததில் பாதிக்கு மேல் கழிவு. அதைத் தேக்கவே லக்யா ஓடையின் குறுக்கே நூறு மீட்டர் உயரத்தில் ஓர் அணை. வெட்டிய சரிவுகளில் பெய்த மழை, மண்ணை பத்ராவில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1987-ல் இந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது. சுரங்கக் குத்தகை 1999-ல் முடிந்தது. வன ஆர்வலர்கள் வழக்குப் போட, 2005 இறுதிக்குள் நிறுத்த வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியே நின்றது.

"நன்றாக ஓடின கம்பெனியை மூடிட்டாங்களே" என்று நம்மவர்களிலேயே சிலர் புலம்புவதுண்டு. வேலையும் குவார்ட்டர்ஸும் போன குடும்பங்களின் வருத்தம் நியாயம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. தாது வேறு ஊரிலும் கிடைக்கும். மங்களூர் ஆலைக்கு அப்புறம் வெளியிலிருந்துதான் வந்தது. ஆறு பிறக்கும் இடத்தை வேறு ஊரில் வாங்க முடியாது.

நம் திட்டம் இரண்டு நாள். முதல் நாள் முள்ளோடியிலிருந்து சிகரம். வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். மேலே தங்க விடமாட்டார்கள், மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். இரண்டாம் நாள், பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் அந்த டவுன்ஷிப். அனுமதி கிடைத்தால் லக்யா அணையும்.

சிவில் நண்பர்களுக்கு ஒரு கேள்வியை இப்போதே கொடுத்துவிடுகிறேன். சுரங்கம் நின்றாலும் அந்த அணைக்கு ஓய்வு கிடையாது. பின்னால் 25 ஆண்டுச் சேறு, மேலே வருடா வருடம் அதே மழை. இதை எத்தனை காலம் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படி? ராத்திரி இதைப் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறேன். சீட்டுக்கட்டு கொண்டுவர வேண்டாம்.