ஒடிந்த திருகும் பழைய படகும்

1837 பிப்ரவரி. லண்டன் பேடிங்டன் கால்வாயில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி தன் சோதனைப் படகை ஓட்டினார். பின்னால் இரண்டு முழுச் சுற்று கொண்ட மரத்திருகு. ஓட்டத்தில் அதில் பாதி ஒடிந்துபோனது. படகு நின்றிருக்கணும், இல்லையா? வேகமெடுத்தது! என்ஜின் அதேதான், தண்ணீரில் உரசும் பரப்புதான் குறைந்தது. அடுத்து ஒற்றைச் சுற்றுத் திருகு பொருத்தினார்.

பழைய வாட்டர் ஸ்கீ படகுகளின் என்ஜின் கோளாறுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். அவருக்குத் திருகின் நீளம் பிரச்சினை. இங்கே பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம். இந்தப் படகுகளில் முன்னோக்கி ஓட ஒரே கியர்தான். பிட்ச் ஒரு அங்குலம் கூடினாலே முழு த்ராட்டிலில் சுமார் 200 ஆர்.பி.எம். குறையும். வயதான படகில் மிதவை நுரை தண்ணீர் குடித்து எடையும் ஏறியிருக்கலாம். ஸ்கீ ஆளைத் தூக்க முடியாமல் என்ஜின் திணறும். உடனே கார்புரேட்டரைக் கழற்றுவார்கள்.

என் கட்சி இதுதான்: ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரியாக இருந்தும் ஆர்.பி.எம். குறிப்பிட்ட அளவைத் தொடலையா? பிட்ச் குறைந்த புரொப்பல்லரைப் போட்டுப் பாருங்க. அளவைத் தாண்டி ஓடவிட்டாலும் ஆபத்துதான். ஆனால் தப்பான திருகை மாட்டி நல்ல என்ஜினைச் சாகடிப்பது அதைவிட அநியாயம்.