நீர்வடிப்பகுதியும் நிலமற்றோர் பங்கும்

மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்கிறது. ஆனால் பெய்த நீர் எங்கே தங்குகிறது, யாருடைய கிணற்றில் ஊறுகிறது என்று பார்க்கத் தொடங்கினால் அந்தப் பொதுமை மறைந்துவிடுகிறது. குன்றின் உச்சி முதல் அடிவாரத்து ஓடை வரை, பெய்யும் மழையெல்லாம் ஒரே வடிகாலில் வந்து சேரும் நிலப்பரப்பை நீர்வடிப்பகுதி என்கிறோம். அதன் மேட்டு நிலம் நம் நாட்டில் பெரும்பாலும் புறம்போக்காகவோ காட்டு நிலமாகவோ இருக்கும். ஆடு மேய்ப்போர், விறகு பொறுக்கும் பெண்கள், கையகல நிலமும் இல்லாதோர் ஆகியோருக்கு அதுவே வாழ்வாதாரம். தாழ்வான பகுதியிலோ கிணறும் வயலும் உடையோர் இருக்கின்றனர்.

மண்ணரிப்பைத் தடுக்க வேண்டுமானால் மேட்டில் மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் சில ஆண்டுகளுக்கேனும் நிறுத்தியாக வேண்டும். மேட்டில் நிறுத்தினால் தாழ்விலுள்ள கிணறு ஊறும். ஆக, இழப்பு ஒரு சாராருக்கு. ஆதாயம் மற்றொரு சாராருக்கு. நீர்வடிப்பகுதிப் பாதுகாப்பின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், அது இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க முயன்ற வரலாறாகவே நமக்குத் தோன்றுகிறது. அம்முடிச்சு சிமெண்டாலும் கல்லாலும் அவிழ்வதில்லை என்பதை இருவேறு ஊர்களின் அனுபவம் காட்டுகிறது.

சுகோமஜ்ரி கற்பித்த பாடம்

சண்டிகர் நகருக்கென 1958-ஆம் ஆண்டு சுக்னா ஏரி உருவாக்கப்பட்டது. சிவாலிக் குன்றுகளிலிருந்து அடித்து வரப்பட்ட வண்டல் சில ஆண்டுகளிலேயே ஏரியின் கொள்ளளவில் பெரும்பகுதியை விழுங்கிற்று. வண்டலின் மூலத்தைத் தேடிச் சென்ற மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அரியானா மாநிலத்துச் சுகோமஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் பி. ஆர். மிஸ்ரா. போர்டு அறக்கட்டளை நிதி உதவி செய்தது.

மரக்கன்று நடுவதும் பள்ளம் வெட்டுவதும் முதலில் நடந்தன. ஆனால் ஊராருடைய ஆடுகள் முன்போலவே குன்றில் மேய்ந்தன. அதில் வியப்பில்லை. நகரத்து ஏரி தூர்ந்துபோவதைப் பற்றி, மழையை மட்டுமே நம்பிப் பயிர் செய்யும் ஏழைக்கு என்ன கவலை? 1976-இல் கட்டப்பட்ட ஒரு சிறு மண்ணணை நிலைமையை மாற்றிற்று. அணை நீர் வயலுக்கு வந்தபோது, குன்றைக் காப்பதில் தமக்கும் நன்மை உண்டென்று ஊரார் உணர்ந்தனர். எனினும் புதியதொரு கேள்வி எழுந்தது. நீர் நிலமுடையோருக்கு மட்டும் என்றால், நிலமற்றவர் எதற்காகத் தம் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும்?

அவ்வூர் கண்ட விடை எளியது, ஆனால் துணிவுமிக்கது. நிலம் உண்டோ இல்லையோ, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணை நீரில் சமபங்கு. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். அல்லது பிறர் நிலத்தில் அந்நீரைப் பாய்ச்சி வாரத்துக்குப் பயிர் செய்யலாம். அதன் பிறகு குன்றுக்குக் காவலாள் தேவைப்படவில்லை. முள்ளாலும் கல்லாலும் அமையாமல் மக்களின் இசைவால் அமைந்த இவ்வேலியைச் 'சமூக வேலி' என்று அறிஞர் அழைக்கலாயினர். ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. குன்றில் புல் செழித்தது. ஏரிக்காகத் தொடங்கிய வேலை, ஊருக்காக என்று ஆனபோதுதான் ஏரிக்கும் பயன்பட்டது.

அகமதுநகரில் ஓர் இயேசு சபைத் துறவி

இதே காலத்தில் மகாராட்டிர மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் மற்றொரு முயற்சி முளைவிட்டுக் கொண்டிருந்தது. (இம்மாவட்டம் இன்று அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது.) சுவிட்சர்லாந்தில் 1924-இல் பிறந்து 1948-இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி எர்மன் பாகர் அடிகளார் அங்கே உழவரிடையே பணியாற்றி வந்தார். 1972-ஆம் ஆண்டின் கொடிய வறட்சியை அவ்வட்டாரம் நேரில் கண்டது. கிணறு வெட்டவும் மோட்டார் பொருத்தவும் உதவி செய்தால் மட்டும் போதாது. மழைநீரை மண்ணுக்குள் இறக்காவிடில் வெட்டிய கிணறும் வற்றிவிடும் என்பது அங்கே உறுதியாயிற்று.

1980-களின் இறுதியில் அவருடைய முயற்சியால் இந்திய-செருமானிய நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் உருப்பெற்றது. 1993-இல் அவரும் கிறிஸ்பினோ லோபோவும் 'வாட்டர்' என்று சுருக்கமாக அறியப்படும் நீர்வடிப்பகுதி அமைப்பு அறக்கட்டளையை நிறுவினர். இத்திட்டத்தில் நம் கருத்தைக் கவர்வது பணம் பகிரப்பட்ட முறை. செருமானிய அரசின் நிதி இரண்டு வாய்க்கால்களில் ஓடிற்று. அணை, வரப்பு, காடு வளர்ப்பு போன்ற முழு வேலைகளுக்கான நிதி நபார்டு வங்கி வழியாக வந்தது. அதற்கு முன்பாக, மக்களை ஒன்றுகூட்டவும் பயிற்றுவிக்கவும் தனியே ஒரு தயாரிப்புக் காலமும் அதற்கெனத் தனி நிதியும் ஒதுக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேலும் நீடித்த அக்காலத்தில் ஊரார் சிறு பரப்பில் வேலை செய்து பழகினர். கிராம சபையில் கூடித் தம் குழுவைத் தேர்ந்தனர். மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் தாமே தடை விதித்துக்கொண்டனர். தயாரிப்பில் தேறாத ஊருக்கு முழு நிதி இல்லை.

மேலும், உடலுழைப்புக்கான கூலிச் செலவில் 16 விழுக்காட்டை ஊரார் சிரமதானமாக ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் நிலமற்ற குடும்பங்களுக்கும், தனித்து நின்று குடும்பம் நடத்தும் ஏழைப் பெண்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. வரப்பை எங்கே போடுவது என்று முடிவு செய்யக் கணவனும் மனைவியும் பொறியியல் அறிந்தவருடன் தம் நிலத்தை நடந்து பார்த்தனர். மகளிருக்கெனக் குழுக்கள் எழுந்தன. குன்று மூடப்பட்டால் விறகுக்காகக் கூடுதல் தொலைவு நடக்க வேண்டியவர் பெண்களே அல்லவா?

கணக்கில் எழுதப்பட்ட நீதி

1994-இல் அனுமந்தராவ் குழு அளித்த பரிந்துரைகளின் வழி, 1995 முதல் நடுவண் அரசின் திட்டங்களிலும் மக்கள் பங்கேற்பு விதியாயிற்று. 1999-2000-இல் நபார்டு வங்கியும் வேளாண் அமைச்சகமும் ஆளுக்கு 100 கோடி ரூபாய் இட்டு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியத்தை ஏற்படுத்தின. தயாரிப்புக் காலம் முதலில், முழு வேலை பிறகு என்னும் அகமதுநகர் முறை அதன் வழியாகத் தமிழகத்துக்கும் வந்தது.

ஆயினும் எல்லாம் சீராக நடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஜான் கெர் என்னும் ஆய்வாளர் மகாராட்டிரத்திலும் ஆந்திரத்திலும் 86 ஊர்களை ஆராய்ந்து 2002-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மக்கள் பங்கேற்பும் தொழில்நுட்பமும் இணைந்த திட்டங்களே சிறந்து விளங்கின என்று கண்ட அவர், நன்மையில் பெரும்பங்கு நிலமுடையோரையே சேர்ந்தது என்பதையும், ஆடு மேய்ப்போரும் நிலமற்றோரும் சில இடங்களில் இழப்புக்கு உள்ளாயினர் என்பதையும் மறைக்கவில்லை.

2008-இல் நடுவண் அரசு வெளியிட்ட பொது வழிகாட்டு நெறிகள் இக்குறையை நீக்க முனைந்தன. ஒவ்வொரு 100 ரூபாயிலும் 50 ரூபாய் மண், நீர் வேலைகளுக்கு. 5 ரூபாய் மக்கள் அமைப்புகளைக் கட்டியெழுப்பவும் பயிற்சிக்கும். 10 ரூபாய் சொத்தில்லாதோரின் பிழைப்புக்கு என வகுக்கப்பட்டது. 2011-இல் இந்நெறிகள் திருத்தப்பட்டபோது, வேலைகளின் பங்கு 56 ரூபாயாக உயர்ந்தது. சொத்தில்லாதோரின் பங்கு 9 ரூபாயாகக் குறைந்தது. ஒரு ரூபாய்தானே என்று சொல்லலாம். ஆனால் கணக்குப் புத்தகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்த ஒரு ரூபாய் காட்டிக்கொடுக்கிறது.

இச்சாய்வுக்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கட்டிய தடுப்பணையை அளக்கலாம், படம் எடுக்கலாம், உபயம் என்று பெயரும் பொறிக்கலாம். மாலை வேளையில் ஆட்டுக்காரர்களோடு மரத்தடியில் அமர்ந்து பேசிய பேச்சுக்குக் கல்வெட்டு ஏது? ஆகவே பணம் கொடுப்போரும், அதைப் பெற்றுச் செலவிடும் நிறுவனங்களும் பேச்சுக்கான செலவை நிர்வாகச் செலவு என்று எண்ணிச் சுருக்கவே விரும்புகின்றனர். ஆனால் சுகோமஜ்ரியில் குன்றைக் காத்தது அணை மட்டுமன்று. அணை நீரைப் பங்கிட்ட உடன்பாடே. அகமதுநகரிலும் முதலில் கட்டப்பட்டது வரப்பன்று, ஊராரின் இசைவே.

பாகர் அடிகளார் 2021-இல் தம் முதிர்ந்த வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது பொறியியல் முறை மட்டுமன்று; ஒரு வரிசை முறையும்கூட. முதலில் மனிதர், பிறகு மண்வெட்டி. அறப்பணிகளுக்குப் பொருள் வழங்கும் நாமும், நம் பங்குகளிலும் ஊர்களிலும் குளமோ ஓடையோ சீரமைக்கப்படும் வேளையில், எத்தனை அடி உயரம், எத்தனை இலட்சம் செலவு என்று கேட்பதோடு நிறைவு கொள்ளலாகாது. இவ்வேலையால் யாருடைய மேய்ச்சல் நிற்கிறது, அவரிடம் யார் சென்று பேசினார்கள், ஊறப்போகும் நீரில் அவர் பங்கு என்ன என்று கேட்போம். நிலமற்றவரிடம் குன்றை மூடித் தருமாறு கேட்கிறோம் என்றால், அவரைக் கொடையாளியாக ஆக்குகிறோம் என்று பொருள். கொடுப்பவரை மதியாமல் வாங்கிக்கொள்வது அறமாகாது.