பசு தந்த காப்பு

நெல்லியடி முதியோர் பலரின் புயத்தில் இன்றும் காணப்படும் அம்மைப்பால் தழும்பு, ஒரு பெருவெற்றியின் சின்னமாகும்.

வைசூரியை நம் முன்னோர் அம்மனின் சீற்றமென அஞ்சி, வேப்பிலை கட்டி வேண்டி நின்றனர். அந்த வைரசுக் குலத்திலேயே பசுவைப் பற்றும் மென்மையான கிருமி ஒன்றும் உண்டு. அது மனிதனை வைசூரியினின்றும் காக்கும் என்பதை ஆங்கில மருத்துவர் எட்வேட் ஜென்னர் 1796 இல் சோதித்துக் காட்டினார். அவர் வழிவந்த அம்மைப்பால், ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டு, 1802 இல் இலங்கையை அடைந்தது.

வைசூரிக் கிருமிக்கு மனிதனையன்றி வேறு புகலிடம் இல்லை. ஆதலின், அந்நோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் அக்குலம் அழியவில்லை. அதனைச் சேர்ந்த தோற்கழலை நோய் 2020 இல் வடமாகாண மாடுகளைத் தாக்கிற்று. மனிதனைக் காத்த பசுவைக் காத்தல் இனி மனிதன் கடன்.