தோட்டத்துக் கொடியும் காற்றிலுள்ள உரமும்

செமினி அருகே புரோகா மலை ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள்: அடிவாரத்தில் செம்பனை, மேலே லாலான் புல். அந்த லாலான் இளங்கன்றுகளுக்கு எவ்வளவு பெரிய எதிரி என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதை அடக்கவும் மண் அரிப்பைத் தடுக்கவும் பால்மரக் கன்றுகளுக்கு இடையே கொடி விதைப்பார்கள். அந்தக் கொடி சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்தது. காற்றிலிருந்து உரம் எடுத்தது.

கிடைத்தும் எட்டாத சத்து

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிருக்குத் தழைச்சத்து அதுதான். ஆனால், காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்தப் பயிராலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொடங்கப்பட்ட ஆலை, கடும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றியது. இன்று மூட்டையில் வரும் யூரியாவும் அந்த வழியில் பிறப்பதே.

இதே வேலையை ரைசோபியம் என்னும் பாக்டீரியா மண்ணுக்குள் அமைதியாகச் செய்கிறது. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் நுழைந்து, சிறு முடிச்சுகளில் குடியிருக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. அது செடிக்குத் தழைச்சத்து தருகிறது. பாக்டீரியாவின் நைட்ரோஜினேஸ் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் முடிச்சுக்குள் ஒரு சிவப்புப் பொருள், நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்றது, ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக் கட்டுப்படுத்துகிறது.

மலாயா கண்ட பலன்

1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் இக்கொடிகளை ஆராய்ந்து தோட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. பியூரேரியா, கலபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்றும் பரவலாக விதைக்கப்பட்டன. பின்னர், 1990களில் இந்தியாவிலிருந்து முக்குனா பிராக்டியாட்டா வந்து செம்பனைத் தோட்டங்களில் பரவியது.

மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகமுத்துவும் பிராட்டனும் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, இளம் செம்பனைக்கு இடையே வளரும் இக்கொடிகள் ஒரு ஹெக்டரில் ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைச் சேர்க்கின்றன. யூரியா கணக்கில் அது 50 கிலோ மூட்டை ஆறரை. அத்தனையும் உடனே மரத்துக்குப் போய்விடாது. இலை உதிர்ந்து மக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். மறுநடவின்போது மருந்தடித்துத் தரையை வெறுமையாக விட்டால், இந்த உரத்தோடு மேல்மண்ணும் மழையில் போய்விடும்.

கடலிலும் இதே கதை

செமினி ஆறு லங்காட் ஆற்றில் கலக்கிறது. லங்காட் மலாக்கா நீரிணையை அடைகிறது. நிலத்தில் கரையும் உரத்தில் ஒரு பகுதி இப்படிக் கடலோரம் சேர்கிறது. நடுக்கடலுக்கோ ஆற்று உரம் எட்டுவது அரிது. அங்கே காற்று நைட்ரஜனைப் பிடித்து, மீனுக்கு இரையாகும் உயிர்கள் வளர உதவுபவை நுண்ணுயிர்களே. அவற்றில் ஒன்று டிரைக்கோடெஸ்மியம். மரத்தூள் தூவியதுபோல் மிதக்கும் இதை 1770இல் கேப்டன் குக்கின் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். 2024இல் இன்னொரு வியப்பு வெளிவந்தது. ஒரு கடல் பாசிக்குள் வாழ்ந்துவந்த நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா, காலப்போக்கில் அந்தப் பாசியின் உறுப்பாகவே மாறிவிட்டதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பூக்கும் பருவத்தில் உள்ள பயித்தங்காய்ச் செடி ஒன்றை மண்ணோடு மெல்லத் தோண்டி, வேரை நீரில் அலசுங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இல்லை. யூரியா அதிகம் போட்ட பாத்தியில் முடிச்சுகள் குறைவாகவே இருக்கும். கேட்காமலே உரம் கிடைத்தால், செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். எனவே காய் பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி எறியாமல், தண்டை வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். அடுத்து நடும் கீரைக்கு அது உரமாகும்.